பதினான்கு நாளுக்கு ஒரு கரை

அம்மா,

"நிரந்தர விலாசம் இல்லாத வீட்டுக்கு ஆராவது பிள்ளையை அனுப்புவினமோ?" என்று போன கிழமை கேட்டீர்கள். அதற்குப் பதில் எழுதத்தான் நினைத்தேன். அதனால்தான் இந்தத் துண்டுக் கடிதம்.

பருப்பும் மீன் பொரியலும் பிறிட்ஜில் இருக்கின்றன. சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

மெற்றில்டா சின்னம்மா குடியிருக்கும் படகு லண்டன் கால்வாயில் ஓரிடத்தில் பதினான்கு நாள்தான் நிற்கலாம். பிறகு நகர்த்தியே ஆகவேண்டும். நீங்கள் வறுத்து அனுப்பிய மிளகாய்த்தூள் திரும்பி வந்தது அதனால்தான். அவர் உங்களுக்கு ஒளித்துத் திரியவில்லை. அந்தப் பெரிய நகரத்தை ஒவ்வொரு பாலமாகப் பார்க்கிறார். கோடைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்.

"பள்ளிக்கூடத்தை விட்டது காணாதெண்டு இப்ப கப்பலும் ஏறப்போறியோ?" என்று நீங்கள் சிரித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் எழும்பி நின்று பேசச் சொன்னார்கள்; அது எனக்கு ஏலவில்லை. படகில் கயிறு கட்டவேண்டும், தண்ணீரை ஏற்றி இறக்கும் கதவுகளைத் தள்ளவேண்டும், அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒருவருக்கும் காட்டாமல் மூன்று கொப்பி நிறைய எழுதிப் படித்திருக்கிறேன்.

பாஸ்போட் மாதா படத்துக்குப் பின்னால் இருப்பது தெரியும். எடுக்கவில்லை. நீங்களாகத் தரவேண்டும். வெள்ளிக்கிழமைக்கு முன் சின்னம்மாவுக்குப் பதில் சொல்லவேண்டும்.

வோபர்னில் இருக்கிற கடைக்கு வேலைக்குப் போகிறேன். வீட்டுத் திறப்பு என்னிடம் இருக்கிறது.

அனோஜா

பி.கு. இதைப் பிறிட்ஜில் ஒட்ட வந்தபோது, அறைக்குள் நீங்கள் ரெலிபோனில் சொன்னது கேட்டது: "அவளுக்கு வர விருப்பமில்லையாம், மெற்றில்டா. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தன்." இதை உங்கள் அறைக் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போகிறேன்.