குரோட்டன்ஸ் பால்

நீ, நான், நம் மாமியார், நாத்தனார் குமுதா, உன் வீட்டுக்காரர். அன்று பிள்ளையார்பாளையம் வீட்டுத் தறியடியில் இருந்தவர்கள் அவ்வளவுதான், அக்கா. வேறு மாதிரி யார் சொன்னாலும் பொய்.

நேற்று வாசல் தொட்டியில் குரோட்டன்ஸ் கிளையை ஒடித்தேன். பால் என் புடவையில் சொட்டியது. முதலில் தண்ணீர் போலத்தான் இருந்தது. சாயங்காலம் பார்த்தால் பழுப்புக் கறை. அதிலிருந்து உட்கார முடியவில்லை எனக்கு. வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன். "ஆயா, சும்மா சுத்திக்கினே இருக்கியே, ஒக்காரு" என்கிறாள் பேத்தி.

தறியில் அப்போது குமுதாவின் கல்யாணப் பட்டு. புடவையின் உடலை உன் வீட்டுக்காரர் நெய்ய, நீ பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ளுவாய். "இங்க ஒக்காந்தா பசிகூடத் தெரியலடி" என்பாய். ஒருநாள் குமுதா ஒரு குரோட்டன்ஸ் இலையைக் கிள்ளி வந்து நெய்த துணிமேல் வைத்தாள்.

"அண்ணா, நான் கேட்ட செவப்பு இது. சாயக்காரரு ஏமாத்திட்டாரு பாரு."

"எல கலரு பட்டுல வருமா? எடு அத" என்றார் அவர்.

மறுநாள் அதே இடத்தில் கறை. மாதவிலக்கு நாளில் பெண் தறியைத் தொட்டால் தீட்டு என்கிற வீடு. மாமியார் உன்னைத்தான் பார்த்தார்.

"தூரத்த மறைச்சிக்கினு ஒக்காந்தியா?"

"சத்தியமா இல்ல, அத்தே."

"அது எலப் பாலு, அத்தே. குமுதா வச்சா" என்றேன் நான்.

"ஒன்ன யாருடி கேட்டா?"

குமுதா தலையைக் குனிந்துகொண்டாள். நீ உன் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தாய். அவர் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். அத்தோடு தறி உனக்கு இல்லையென்று ஆனது. உன் இடத்தில் கூலிக்கு ஆள் வந்தது. மூலையில் நூல் சுற்றும் ராட்டைதான் உனக்கு, கடைசிவரை.

மாமியார் நம்பித்தான் சொன்னார், போகட்டும். குமுதா கல்யாணப் பெண், பயந்தாள். பிறகு என் கையைப் பிடித்து அழவும் அழுதாள். அவளையும் விட்டேன்.

உன் காரியத்தன்று உன் படத்தின் கீழே உட்கார்ந்துகொண்டு உன் வீட்டுக்காரர் சொல்கிறார்: "அவளுக்குத் தறின்னாலே ஆவாதுபா. கூப்ட்டாலும் ஒக்கார மாட்டா."

"பொய் சொல்லாதீங்க மாமா" என்றேன். அவர் காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஒரே குடும்பம். வந்தால் சோறு போடுகிறேன். ஆனால் அன்று நீ அவரைப் பார்த்த பார்வை என்னிடம்தான் இருக்கிறது, அக்கா, உன்னோடு போகவில்லை. புருஷனுடைய அண்ணன் பெயரைச் சொல்லக் கூடாதென்று இத்தனை காலம் நான் அதை உச்சரித்ததில்லை. மன்னிக்க மாட்டேன் என்பதற்காக இன்று எழுதுகிறேன்: தணிகாசலம்.