கடைசி ஏழு கிலோமீட்டர்

இன்று காலை அலமாரியை ஒழிக்கும்போது என் பழைய நடைக் காலுறை கையில் சிக்கியது. புகையிலைத் தண்ணீரில் ஊறவைத்த வாடை இன்னும் போகவில்லை. அட்டை ஏறாமலிருக்க நாம் செய்துகொண்ட ஏற்பாடு. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். "நல்லதுலா, கால நீட்டிக்கலாம்" என்பாய். அந்த வாடையோடு கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

தம்போய் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் இருபது வருடம் நின்று வேலை பார்த்தவர்கள் நாம். நின்றது போதும், இனி நடப்போம் என்றாய். மெர்சிங் படகுத்துறையில் தொடங்கி தெற்கே செடிலி வரை, கடலோரமாகவே, லீவு நாட்களில் துண்டு துண்டாக நடந்தோம். ஒவ்வொரு முறையும் நிறுத்திய இடத்தில் ஒரு மரத்தில் சிவப்பு ராஃபியா கயிறு கட்டுவாய். அடுத்த முறை அந்த மரத்தடியில் குதிகால் வைத்துத்தான் கிளம்ப வேண்டும். ஒருநாள் மழைக்குப் பயந்து மீன்காரர் வேனில் கொஞ்ச தூரம் ஏறிக்கொண்டேன். "ஒரு அடி விட்டாலும் நடந்ததா சொல்லிக்க முடியாதுடி" என்று என்னைத் திரும்ப நடக்கவைத்தாய். வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே நடந்தேன். நீ சிரித்துக்கொண்டே கூட நடந்தாய்.

ஏழு கிலோமீட்டர் மிச்சமிருந்தபோது உன் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கால் வீங்கி, செருப்புகூட நுழையவில்லை. "நீ போய் முடிச்சிட்டு வா. நீ நடந்தா நான் நடந்த மாதிரிதான்" என்றாய்.

போனேன். அந்தத் துண்டின் தொடக்கத்தில் ஆறு கடலில் கலக்கிறது. நீர் வற்றும் நேரத்தில்தான் இறங்கிக் கடக்க முடியும். நேரம் பார்த்துவிட்டுத்தான் போனேன். ஆனால் கைத்தொலைபேசி காட்டியது நம் வீட்டுப் பக்கத்து நீரிணையின் நேரத்தை. அந்தப் பக்கத்துக் கடலுக்கு வேறு நேரம். இத்தனை வருடம் அதைப் பார்த்தது நீதான், நான் வெறுமனே பின்னால் வந்தவள். தண்ணீர் மார்பளவு ஓடியது. தனியாக இறங்கப் பயமாயிருந்தது. சாயங்காலம் வரை ஒரு கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருந்தேன். தண்ணீர் குறையவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் ஊசி குத்தியிருந்த கையை அசைக்காமல் நீ என்னைப் பார்த்துக் கேட்டாய்.

"முடிச்சிட்டியா?"

உன் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்குத் துப்பில்லை.

"முடிச்சிட்டேன்."

"மணல் எப்படி? கெட்டியா, கால் பொதையுதா?"

"கெட்டிதான். மாவு மாதிரி."

"நெழல் இருக்கா?"

இருக்கிறது என்றேன். சவுக்கு மரங்களை வரிசையாக நட்டுவிட்டேன். தூரத்தில் ஒரு தீவு, கரையில் கவிழ்த்துப் போட்ட நீலப் படகு, எல்லாம் வந்தது. எங்கிருந்துதான் வந்ததோ, வாய் கூசாமல் வந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகச் சொல், அவசரப்படாதே என்றாய். கடைசியில் "அப்ப முடிஞ்சிருச்சிலா" என்று சிரித்தாய். உண்மையாகவே நடந்துவிட்டு வந்து பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ இரண்டு வாரம்கூட இருக்கவில்லை.

அடக்கத் திருப்பலியில் உன் மகள் எழுந்து, "எங்கம்மா மெர்சிங்லருந்து செடிலி வரைக்கும் நடந்தே முடிச்சவங்க" என்றாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

போன மாதம் சரியான நேரம் பார்த்து மறுபடியும் போனேன். ஆறு முழங்காலளவுதான் இருந்தது, சுலபமாகக் கடந்துவிட்டேன். அரை மணி நேர நடைக்குள் வேலி வந்துவிட்டது. யாரோ அந்தக் கரை முழுவதையும் வாங்கி, கடலுக்குள் வரை பாறையைக் கொட்டிக் கம்பி அடித்திருக்கிறார்கள். மணலும் இல்லை, மரமும் இல்லை. காவல்காரப் பையன் அக்கா என்று மலாயில் மரியாதையாகத்தான் சொன்னான்: "தா போலே லாலு, காக்." போக வழியில்லையாம். பின்பக்கம் முழுக்கச் சதுப்பு. ரோட்டைச் சுற்றிக்கொண்டு செடிலிக்குப் போகலாம் என்றான். அதை நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். திரும்பிவிட்டேன்.

இனி அதை யாரும் நடக்க முடியாது. நான் சொன்ன பொய்யை உண்மையாக்கவும் முடியாது, மன்னிப்புக் கேட்க நீயும் இல்லை. உன் மகள் குளுவாங்கிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் அந்தக் கடைசிக் கரையைப் பற்றித்தான் கேட்கிறாள். "அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க ஆன்டி" என்கிறாள். நானும் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் நீ கண்ணை மூடிக்கொண்டு அங்கே நடப்பது தெரிகிறது. எவ்வளவு சொன்னாலும் உன் பக்கத்தில் நான் இல்லை.