பொட்டலத்தில் வந்த புற்றுமண்

டீச்சரக்கா,

வெள்ளிக்கிழமை வகுப்பில் இருந்தவர்கள்: நான்காம் வகுப்புப் பிள்ளைகள், தலைமையாசிரியை, புரொஜெக்டர் கொண்டுவந்த ஒரு சார், உங்களுக்கு ஒத்தாசையாக வந்து, நீங்கள் மாற்றலாகிப் போனபின் உங்கள் இடத்தில் நிற்கிற நான். அந்த சார் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். நம் கோயில் புற்றுமண் வாசனை. அதைப் பூசிய உங்கள் நெற்றிதான் நினைவுக்கு வந்தது.

கைபேசியில் உடல்நலம் பற்றித் தேடிப் பார்க்கச் சொல்லித்தருகிற வகுப்பு அது, நீங்கள் தொடங்கியது. அதில் அந்த மனிதர் ஒரு வீடியோ போட்டார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன், கோயில் மண்ணைக் கரைத்துக் குடித்தால் வயிற்றுவலி போகும் என்கிறான். கீழே ஆர்டர் செய்ய நம்பர் ஓடுகிறது. "எல்லாரும் லைக் போடுங்க, வீட்டுக்கு அனுப்புங்க" என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். சாமி பேரைச் சொல்லிப் பச்சைப் பிள்ளைகளிடம் வியாபாரம். சீ!

முன்பு நீங்கள் இப்படியொரு வீடியோவைக் காட்டி, "யாரு சொல்லுதா? என்னத்த விக்கான்? நாம யாருகிட்ட கேக்கணும்?" என்று பிள்ளைகளைக் கேட்க வைத்தீர்கள். அன்று எனக்குக் கோபம் வந்து உங்களிடமே கேட்டுவிட்டேன்.

"சாமி மண்ணையே சோதிக்கியளா டீச்சரக்கா?"

"ஏட்டி, நெத்தியில பூசு, நானுந்தான் பூசியிருக்கேன். வயித்துவலிக்கு நர்ஸம்மாகிட்ட போ. சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு."

உங்கள் நெற்றியில் மண் காயாமல் இருந்தது.

இந்த வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நம் வகுப்புச் செல்வி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். கையில் அந்த சார் கொடுத்த இலவசப் பொட்டலம். "அத்தே, ரெண்டு நாளா வயிறு வலிக்கி. இத இப்பமே குடிச்சிரட்டா?" பிடுங்கிக்கொண்டு அவளை நர்ஸம்மாவிடம் அழைத்துப்போனேன். பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். இப்போது பரவாயில்லை.

தலைமையாசிரியையிடம் சொன்னேன். "ஏம்மா, பிரச்சினை பண்ணாதீய. புரொஜெக்டர் அவுக குடுத்தது. திங்கக்கிழமையும் அந்த வீடியோவத்தான் போடணும். முடியாதுன்னா வேற ஆள் பாக்கேன்" என்றார்.

இருப்பதா விலகுவதா என்று சாமி முன்னால் பூ கட்டிப் போட்டுக் கேட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அந்த மண்ணை விற்கிறவன் முகமே கண்ணில் நின்றது, எழுந்துவிட்டேன். விலகினால் செல்விக்கு யார் இருக்கிறார்? அதனால் ஒன்று யோசித்திருக்கிறேன். அந்த வீடியோவையே போடுகிறேன். முடிந்ததும் விளக்கைப் போட்டு, உங்கள் மூன்று கேள்விகளையும் பிள்ளைகளைக் கேட்கச் சொல்கிறேன். நெற்றியில் மண் பூசிக்கொண்டுதான் போவேன்.

செய்யட்டுமா, டீச்சரக்கா? திங்கட்கிழமை மணி அடிப்பதற்குள் பதில் சொல்லுங்கள்.