வெந்நீர்க் குழாயில் ஓர் ஒயர்

ஆர்தர்ஸ் ஏரி, டாஸ்மேனியா
ஜூன் 24

அன்புள்ள ஹெட்டி,

இந்த அர்த்தராத்திரியில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வின்னி இப்போதுதான் கண்ணயர்ந்தாள். மேட்டில் ஏறினால்தான் போனில் பேச முடியும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பனியில் எங்கே ஏறுவது? அதனால்தான் கடிதம்.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கோடையில் நீ வந்து மாட்டிக் கொடுத்த சோலார் பேட்டரிகள் சரியாக இல்லை. மதியத்துக்குள் நிறைந்துவிட்டதாகக் காட்டுகிறது. சாயங்காலம் ஒரு விளக்கும், வின்னியின் மூச்சிரைப்புக்கு மருந்துப் புகை கொடுக்கிற மெஷினும் போட்டால் போதும், வீடே இருண்டுவிடுகிறது. நேற்று அவளைக் காரில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, அதிலிருந்து மெஷினுக்குக் கரண்ட் எடுத்தேன். அவள் நெஞ்சு கொல்லன் துருத்தி மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டில் துழாவி மூன்றாவது தடவைதான் பிளக்கைச் செருகினேன்.

கேலம் சுரங்க வேலையிலிருந்து திரும்ப இன்னும் நாளாகும். "குளிர்காலம் முடியிற வரைக்கும் டவுனுக்குப் போயிடு, சொன்னாக் கேளு" என்று அப்போதே தலைதலையாக அடித்துக்கொண்டான். இப்போது அவனிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கோபித்துக்கொள்ளாதே.

உன்,
பிரியோனி


போத்வெல்
ஜூன் 29

என் அருமைப் பைத்தியமே,

என்னிடம் உனக்கென்ன கூச்சம்? உன் பிரசவத்தின்போது கூடவே நின்றவள் நான். அன்று பார்க்காததையா இனிமேல் பார்க்கப்போகிறேன்?

மேலே வர இப்போது வழியில்லை, பாதையைப் பனி மூடிவிட்டது, தபால் வண்டியைத் தவிர எதுவும் ஏறவில்லை. அதனால் நீயே பார்த்துச் சொல். இந்த வகை பேட்டரியை உறைகுளிரில் சார்ஜ் ஏற்றக் கூடாது. ஏற்றினால் வெளியே நிறைந்த மாதிரி காட்டும், உள்ளே செத்துக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் பேட்டரியின் விலாவில் வெப்பமானி ஒயர் ஒன்றை ஒட்டியிருக்கிறேன். வெளியே இருக்கிற பேட்டரிப் பெட்டி சில்லிட்டிருந்தால் அது சார்ஜை நிறுத்தி, சிவப்பு விளக்கைப் போடும். வெயில் அடிக்கும்போதுகூடப் போடும். அது பழுதில்லை, காவல்.

அந்த ஒயரை யாராவது தொட்டார்களா? எலி கடித்திருந்தாலும் சொல். எதுவானாலும் திட்டமாட்டேன். சரி, கொஞ்சமாகத் திட்டுவேன்.

முழங்காலுக்கு என்ன, என்னைவிட அதற்குத்தான் வாய் ஜாஸ்தி. வின்னிக்கு முத்தம்.

ஹெட்டி


ஆர்தர்ஸ் ஏரி
ஜூலை 6

அன்புள்ள ஹெட்டி,

ஒயரை யாரும் தொடவில்லை. எலியும் இல்லை.

சனிக்கிழமை ஊர் ஹாலில் சூப் விருந்து. இங்கே யாரும் சௌக்கியமா என்று கேட்கமாட்டார்கள், பேட்டரியைத்தான் விசாரிப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். மர்ட்டோ வழக்கம்போல, "எத்தன பர்சென்ட்டும்மா?" என்றார்.

"அஞ்சு மணிக்கே பூஜ்யம்" என்றேன்.

"புதுசுதானே? ஹெட்டி மாட்டினதுதானே?"

"ஆமா."

"அப்படியா சேதி! என் மீன்பிடிக் குடிலுக்கும் அவளத்தானே வரச் சொல்லியிருந்தேன். நல்லவேள, தப்பிச்சேன்."

கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். உன் காதுக்கு வேறு விதமாக வந்துவிடக் கூடாதே என்று எழுதுகிறேன்.

ஒருவேளை உனக்கு வந்த சரக்கிலேயே கோளாறு இருந்திருக்கலாம். உன்னைக் குறை சொல்லவில்லை.

பிரியோனி


போத்வெல்
ஜூலை 15

பிரியோனி,

நேற்று பாதை திறந்ததும் வந்தேன். வின்னியை டாக்டரிடம் காட்ட நீ லான்செஸ்டன் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சாவிதான் வழக்கமான இடத்தில் இருக்குமே.

ஒயர் பேட்டரியில் இல்லை. சுவரில் துளை போட்டு அதை வீட்டுக்குள் இழுத்து, அடுப்பிலிருந்து வருகிற வெந்நீர்க் குழாயில் கட்டி, மேலே குழந்தையின் காலுறை ஒன்றைச் சுற்றியிருந்தது. எலிக்கு இவ்வளவு கைவேலை வராது.

மர்ட்டோ என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள். "நம்ம பிரியோனியே சொல்லிட்டாளே" என்கிறார்கள். நீ சொன்னதால்தான் அந்தப் பேச்சுக்கு அத்தனை கனம். உனக்கு அது புரிகிறதா?

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. பச்சைக்குழந்தை வைத்திருப்பவளைக் காட்டிக்கொடுத்துத்தான் என் பேர் பிழைக்க வேண்டுமென்றால், அது பிழைக்கவே வேண்டாம்.

ஒயரைப் பழைய இடத்தில் ஒட்டிவிட்டேன். என் பட்டறையில் கிடந்த பழைய ஈய பேட்டரிகளை மாட்டி, அதற்கேற்பச் சார்ஜரையும் மாற்றியிருக்கிறேன், அவை குளிரிலும் சார்ஜ் ஏறும். அவற்றைக் காலியாக விடாதே, காலியானால் உறைந்து வெடித்துவிடும். இதெல்லாம் வின்னிக்காக. உனக்காக இல்லை.

ஹெட்டி


ஆர்தர்ஸ் ஏரி
ஜூலை 28

ஹெட்டி,

உன்னை எப்படி அழைப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஒயரை மாற்றிய அன்று காலை வெளியே வெயில் கொட்டிக் கிடந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே வின்னி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கெல்லாம் வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும், பிறகு ராத்திரி முழுக்க என்ன செய்வேன்? படித்தவள் அல்லவா, ஒயரைக் குழாய்ச் சூட்டால் ஏமாற்றினால் பெட்டியும் ஏமாறும் என்று கண்டுபிடித்தேன். விளக்கு பச்சையானபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன், ஹெட்டி. கெட்டிக்காரி என்று.

அதுவரைக்கும் தெரியாமல் செய்தது. உன் முதல் கடிதத்தைப் படித்ததும் செய்தது என்னவென்று புரிந்துவிட்டது. அப்போதே ஒயரைக் கழற்றியிருக்கலாம். கழற்றினால் பேட்டரியை நான்தான் கொன்றேன் என்று எனக்கே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே, அதனால் கழற்றவில்லை. ஹாலில் மர்ட்டோ கேட்டபோது "ஆமா" என்ற ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? அதை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்கவில்லை. குழந்தைக்காகச் செய்தேன் என்று ஒயரைப் பற்றிச் சொல்லலாம். அந்த "ஆமா"வை யாருக்காகச் சொன்னேன்?

நேற்று சூப் விருந்தில் எல்லோரும் தட்டோடு உட்கார்ந்த பிறகு எழுந்து நின்று சொன்னேன். வின்னி இடுப்பில் இருந்தாள். அவளை வைத்து இரக்கம் தேடுகிறேனோ என்று தோன்றி, இறக்கிவிட்டுவிட்டுச் சொன்னேன். ஒயரைச் சொன்னேன், காலுறையைச் சொன்னேன், உன்னிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

மர்ட்டோதான் முதலில், "காலுறைகூடப் போட்டு விட்டியா அதுக்கு?" என்றார். ஹாலே சிரித்தது. நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவரும் நிறுத்திவிட்டார்.

"அப்ப அந்தப் பொண்ண நான் வீணாத்தானே துரத்தி விட்டேன்" என்றார். "இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவகிட்டப் போய் நிப்பேன்?"

"தெரியல மர்ட்டோ. எனக்குத் தெரிஞ்சா உங்களுக்கும் சொல்றேன்" என்றேன்.

அவர் உனக்கு எழுதுவார். எழுதாவிட்டால் அவரிடம் மறுபடியும் போய் நிற்பேன். மேட்டில் ஏறிக் கேலமிடமும் சொன்னேன். "பேட்டரி போனாப் போகுது, ஹெட்டிய என்ன பண்ணப்போறே?" என்றான். அதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வின்னிக்கு மூச்சு சீராகிவிட்டது. உன் பேட்டரிகள் ராத்திரி முழுக்கத் தாங்குகின்றன. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், அதுவே கூசுகிறது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதச் சொல்லவில்லை. திட்டி எழுது, நாலு பக்கம் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. தயவுசெய்து சீக்கிரம் பதில் போடு.

பிரியோனி