மூன்றாம் சூடு

நவம்பர் 4, செவ்வாய்

தூறல். பட்டறையில் ஹீற்றர் மறுபடி வேலை செய்யவில்லை. இரண்டு ஸ்வெற்றர்.

இன்று: வால்நட் பலகை 12 அறுத்தது. வாள் அலகு மாற்றியது. கண்ணாடிக் குழாய்ப் பெட்டி இன்னும் வரவில்லை. மதியம் சோறும் ஏதோ ஒரு கறியும். ருசியே இல்லை.

மைத்துனன் கே. லண்டனிலிருந்து வந்துவிட்டான். அவன் மனைவி வீட்டுக் கலியாணம், ஐந்து கிழமை அங்கே, ஒரு மாதத்துக்கு மேல். கேதீஸ் வதனியின் தம்பியாகப் பிறந்ததைத் தவிர எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை என்பது என் மனைவி வதனியின் கட்சி. எட்டு வருடமாக ஸ்காபரோவில் ஒரே பட்டறை, ஒரே மேசை. மரம் என்னுடையது. உள்ளே இருக்கும் சூட்டுச் சுருள், பற்றறி, வயர், வாடிக்கையாளரோடு இனிக்க இனிக்கக் கதைப்பது எல்லாம் அவனுடையது. கைக்குள் அடங்கும் மர வேப்பரைசர், கஞ்சா மாதிரி மூலிகையை எரிக்காமல் சூடாக்கி ஆவியாக இழுக்கும் கருவி. ஒரு தொகுதிக்கு முப்பத்தாறு, வருடத்தில் மூன்று தொகுதி. ஓடர் எடுக்கும் ஞாயிறு காலையில் இருபது நிமிடத்தில் அத்தனையும் விற்று முடிந்துவிடும். அதற்குக் காரணம் தன்னுடைய இணையத்தளம் என்று அவன் நினைக்கிறான்.

23ஆம் தொகுதியை நான் தனியாக முடித்தேன். அவன் செய்துவைத்துப் போன உள்வேலையை மரத்துக்குள் பூட்டி, எண்ணெய் பூசி, மணந்து பார்த்து, பெட்டி கட்டி, அனுப்பினேன். லண்டனிலிருந்து நாலு தரம் போன். "அத்தான், பெட்டி மட்டும் கட்டி வையுங்கோ. நான் வந்தாப்பிறகு அனுப்புவம்." ஏன், தபால்காரனுக்கு அவன் முகம் பார்க்க வேண்டுமா? நாலாம் போனுக்கு மறுநாளே அத்தனையையும் அனுப்பினேன். எண்ணெயும் இந்த முறை பத்து நாளில் காய்ந்துவிட்டது, வழக்கமாக ஒரு மாதம். கைப்பழக்கம் என்றால் அதுதான்.

இன்று உள்ளே வந்து, குளிர்ச்சட்டைகூடக் கழற்றாமல் முதல் கேள்வி:

"எல்லாத்தையும் மணந்து பாத்தனீங்களோ?"

"நான் பாக்காமல் உன்ரை மாமியாரோ பாத்தவா?"

போய் மின்னஞ்சலைத் திறந்து, அவன் இல்லாதபோது நான் எழுதிய பதில்களை வாசித்தான். தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தான். ஒருத்தன் செர்ரி மரத்தில் கறுப்புப் புள்ளி என்று மூன்று படம் அனுப்பியிருந்தான். நான் எழுதியது: "மரத்தில் புள்ளி இருக்கும். பிளாஸ்ரிக்கில் இராது. பிளாஸ்ரிக் வாங்குங்கள்." இதில் என்ன பிழை?

நவம்பர் 5, புதன்

வெயில், சரியான காற்று. கண்ணாடிக் குழாய் வந்தது. இரண்டு உடைந்து.

ஹாலிஃபக்ஸிலிருந்து ஒருவன். 23ஆம் தொகுதி, இலக்கம் 9. சூடாக்கினால் பெயின்ற் மணக்கிறதாம்.

பெயின்ற்! நாங்கள் பெயின்ற் பாவிப்பதே இல்லை. வெறும் ஆளிவிதை எண்ணெய், அதையும் துணியால் தேய்ப்பது. மூன்றாம் சூடு என்று ஒரு விதி வேறு. நான் போட்ட விதி. ஒவ்வொன்றையும் வெறுமையாக மூன்று தரம் சூடாக்குவோம். முதல் சூட்டில் உலோகத்தில் ஒட்டிய எண்ணெய் போகும், இரண்டாவதில் மரத்தூள். மூன்றாம் சூட்டில் மூக்கடியில் பிடித்தால் ஒன்றும் இருக்கக்கூடாது. இருந்தால் கதவுக்கு வெளியே போகாது. எட்டு வருடமாக அதைத் தீர்மானிப்பது என் மூக்கு.

பதில் எழுதினேன்: "மூக்கைக் கழுவிவிட்டு மறுபடி பாருங்கள்." கே. அனுப்பவிடவில்லை. தானே ஏதோ சர்க்கரை தடவி எழுதினான்.

நவம்பர் 7, வெள்ளி

மழை. இன்னும் நாலு மின்னஞ்சல். பெயின்ற், பெயின்ற், வார்னிஷ், புதுச் சப்பாத்துத் தோல். நாலு பேரும் ஒரே இணையக் குழு. ஒருவன் செருமினால் மற்றவர்கள் இருமுகிற கூட்டம்.

பதினொரு மணிக்குக் கதவு தட்டல். அறுபத்தைந்து வயது இருக்கும், குளிர்ச்சட்டைக்குக் கீழே சேலை. பவளம் என்றார். மகன் பெயரில் ஓடர் செய்தவராம். முழங்கால் வாதம், டொக்டர் மூலிகை எழுதிக் கொடுத்திருக்கிறார், புகைக்கக் கூடாது, ஆவியாக இழுக்கலாம். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கைப்பையிலிருந்து துவாயில் சுற்றிய செர்ரி மரம். இலக்கம் 14, அடியில் என் கையெழுத்து.

"தம்பி, நான் குறை சொல்ல வரேல்லை. நல்ல வடிவாச் செய்திருக்கிறியள். ஆனா ஒன்பது நாளாத் தொண்டை கரகரக்குது. உதை ஒருக்கா மூக்கடியிலை பிடிச்சுப் பாருங்கோ."

சூடாக்கினேன். பிடித்தேன். சுத்தம்.

"அன்ரி, ஒண்டும் மணக்கேல்லை."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கே. ஆறடி தள்ளி நின்றவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் ஜன்னலைத் திறந்தான்.

"அத்தான், உது நாறுது."

"தம்பிக்கு ஏதும் தடிமனோ?" என்றார் அன்ரி, உண்மையான அக்கறையோடு. அந்த அக்கறைக்கே பற்றிக்கொண்டு வந்தது.

அவர் போன பிறகு பெரிய சண்டை. அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது அவன்தான் என்றேன். என் தொகுதியைக் கெடுக்கப் பார்க்கிறான் என்றேன். லண்டனில் இருந்தபடியே என்ன குறை சொல்வது என்று வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்திருப்பான் என்றும் சொன்னேன். சொல்லும்போதே மடத்தனம் என்று தெரிந்தது, நிறுத்த முடியவில்லை. அவன் திருப்பிக் கத்தவில்லை. அதுதான் விசித்திரம். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நவம்பர் 8, சனி

மேகம். வதனி மரக்கறி வாங்கப் போன நேரம், அடுப்படியில்:

கோப்பித்தூள் - இல்லை.
ஏலக்காய், நசுக்கியது - இல்லை.
பெருங்காயம் - இல்லை.
கருவாட்டுப் போத்தல் - இல்லை.
வினாகிரி - மூக்கைக் கடித்தது. மணம் இல்லை.
கழிவறை கழுவுகிற திராவகம் - கண் எரிந்தது. மணம் இல்லை.

பெருங்காயத்தை இரண்டாம் தரம் பார்த்தேன். மூன்றாம் தரமும். கட்டியையே மூக்குக்குள் வைத்தேன்.

எப்போது போனது? தெரியவில்லை. ஒரே நாளில் போயிருந்தால் பிடித்திருப்பேன். போன குளிரில் வந்த காய்ச்சலாக இருக்கலாம். எட்டு வருட மேப்பிள் தூளாகவும் இருக்கலாம். மாஸ்க் போட்டால் மரத்தின் மணம் தெரியாது என்று போடாமல் விட்ட ஆள் நான். என் மூளைக்கு ஒரு கும்பிடு.

ஒரு வருடமாக வதனியோடு கறிக்குச் சண்டை. புளியை மாற்றினாள், தூளை மாற்றினாள், தூள் அரைத்துக் கொடுக்கிற ஆளையே மாற்றினாள். நான் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிய நாட்கள் எத்தனை.

அவள் எதிர்பார்த்ததற்கு முன்னே வந்துவிட்டாள். மேசை முழுக்கத் திறந்த போத்தல்கள், நடுவில் நான். ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு மூடியாக எடுத்து மூடினாள். கேட்காமல் விடுகிறவள் அல்ல.

பின்னேரம் பிளாசாவில் ரோல்ஸ் வாங்க நின்றேன். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்றும் ஒன்றுமில்லை. முதுகுக்குப் பின்னால் இரண்டு பெண்கள்:

"உவர்தான் அந்தக் கஞ்சா மிசின் செய்யிறவர்."

"பாத்தால் கோயில் ஐயர் மாதிரி இருக்கிறார்."

மற்ற நாளாக இருந்தால் திரும்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

நவம்பர் 9, ஞாயிறு

முதல் பனி, தரையில் நிற்கவில்லை. ஓடர் ஞாயிறு. பத்து மணிக்குத் திறக்க வேண்டும். ஏழு மணிக்கே பட்டறைக்குப் போனேன், எண்ணெய் டின்னைப் பார்க்க.

அதே பச்சை டின். அதே படம். லேபிளில் ஒரு வரி மட்டும் வேறு: விரைவாகக் காய்வதற்கு இரசாயனம் சேர்த்தது. வேலிக்கும் தோட்டத்துக் கதிரைக்கும் பூசுகிற சாமான். நான் லேபிள் வாசிப்பதில்லை. மூடியைத் திறந்தால் மூக்குச் சொல்லிவிடும், அப்படித்தான் எட்டு வருடம். பத்து நாளில் காய்ந்ததற்கு என் கையைப் புகழ்ந்து இங்கேயே எழுதியும் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்றால் மறுபக்கத்தில் கணக்கு வேலை.

ஒன்பது மணிக்குக் கே. வந்தான். டின்னைக் காட்டினேன். பிறகு எனக்கு மணம் தெரியவில்லை என்று சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

"தெரியும் அத்தான்."

"என்ன தெரியும்?"

"போன மாசி மாசம் நீங்கள் பாத்து வைச்சதிலை ரெண்டு நல்லா மணந்தது. சொல்லாமல் எடுத்து வைச்சிட்டன். அதுக்குப் பிறகு ஒவ்வொருமுறையும் நீங்கள் வீட்டை போனாப்பிறகு எல்லாத்தையும் திருப்பிச் சூடாக்கிப் பாக்கிறனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அக்கா வேண்டாம் எண்டவா. மனுசன் உடைஞ்சு போவார் எண்டு."

ஆக ஒன்பது மாதமாக வீட்டிலும் பட்டறையிலும் என்னைச் சுற்றி நாடகம். நான் மூக்கடியில் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது இவன் பின்னால் நின்று பார்த்திருக்கிறான். எனக்குச் சோறு போட்டவளும் உடந்தை. குப்பை வாளியை உதைத்தேன். கால் வீங்கியிருக்கிறது.

அவன் மேல் கோபம். லண்டனிலிருந்து போன் எடுத்தபோது ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். சொன்னால் நம்பியிருப்பேனா? மாட்டேன். அதற்காகவும் அவன் மேல் கோபம்.

முப்பத்தாறு பேர் அதை நெஞ்சுக்குள் இழுத்திருக்கிறார்கள். பவளம் அன்ரி ஒன்பது நாள். வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

கே. ஓடர் பக்கத்தைத் திறக்கவில்லை. பத்து மணிக்கு இருவரும் அந்த மேசையில் சும்மா இருந்தோம்.

வதனியோடு பேச்சு இல்லை.

நவம்பர் 10, திங்கள்

குளிர். கடிதம். கே. எழுதியது: "வழங்குநரிடமிருந்து பெற்ற மூலப்பொருளில் ஏற்பட்ட எதிர்பாராத மாறுபாடு காரணமாக..."

எந்த வழங்குநர்? பிழையான டின்னைத் தேர்ந்தது என் கை. அழித்துவிட்டு நான் எழுதினேன்:

"எண்ணெய் மாறிவிட்டது. மாற்றியவன் நான். மணந்து பார்த்தவனும் நான். எனக்கு மணம் தெரியாது, அது எனக்கே தெரியாமல் இருந்தது. இனிச் சூடாக்க வேண்டாம். திருப்பி அனுப்புங்கள். புதிது செய்து தருவேன்."

"உதை வாசிச்சா ஒருத்தரும் திருப்பி எங்களிட்டை வராயினம்."

"வராட்டில் போகட்டும்."

"அத்தான், இது என்ரை பிழைப்பும்தான்."

அது சரி. இருந்தும் அனுப்பினேன். அவனைக் கேட்காமல் அனுப்பியது ஒரே மாதத்தில் இரண்டாம் தரம்.

ஹாலிஃபக்ஸ்காரன் பத்து நிமிடத்தில் பதில் போட்டான். நன்றி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. திட்டியிருக்கலாம் அவன்.

நவம்பர் 26, புதன்

பனி, சேறு. முப்பத்தாறில் முப்பத்தைந்து வந்துவிட்டன. கல்கரியில் ஒருவனுக்கு அந்த மணம் பிடித்திருக்கிறதாம், தரமாட்டானாம். கே. தினமும் போனில் கெஞ்சுகிறான். அந்த வேலை என்னுடையது இல்லை என்பதில் முதன்முறையாகச் சந்தோஷம்.

உள்வேலையை அவன் கழற்றிக் கழுவுகிறான். அந்த எண்ணெய் குடித்த மரம் எதற்கும் உதவாது. முப்பத்தைந்தையும் வாளில் கொடுத்து இரண்டிரண்டாக அறுத்தேன். குப்பையிலிருந்து எவனும் எடுத்துவிடக்கூடாது. அன்ரியின் செர்ரி மட்டும் கையில் கொஞ்ச நேரம் இருந்தது. நல்ல கோடு ஓடிய மரம். பிறகு அதையும்.

மூக்கு டொக்டர்: வரலாம், வராமலும் போகலாம். இதைச் சொல்ல இரண்டு கிழமை காத்திருப்பு.

பவளம் அன்ரி போன் எடுத்தார். தொண்டை சரியாம், டொக்டர் நெஞ்சில் ஒன்றுமில்லை என்றாராம். போனை வைத்த பிறகு வாசலில் போய்க் கொஞ்சம் நின்றேன். அழுதேன் என்று எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள். அழுதேன்.

போனை வைக்க முன் அவர் கேட்டது: "முழங்கால் விடுகுதில்லைத் தம்பி. என்ரை எப்ப வரும்?"

"முதல் உங்கடைதான் அன்ரி."

வதனியிடம் உப்புப் போத்தலைக் கேட்டேன். பதினேழு நாளில் முதல் பேச்சு. "முதலே அளவாப் போட்டிருக்கு" என்றாள். சாப்பிட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

சரியான குளிர். கதவுப் பூட்டு உறைந்து, வெந்நீர் ஊற்றித் திறந்தது.

புது மரம். சரியான எண்ணெய். லேபிளை நான் மூன்று தரம் வாசித்தேன், கே. ஒரு தரம், வதனி போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள். முப்பத்திரண்டு நாள் காய்ந்தது. இன்று மூன்றாம் சூடு.

ஒழுங்கு இனி இப்படி: நான் சூடாக்குவது, அவன் மணந்து பார்ப்பது. என் கதிரையில் அவன். நான் நின்றபடி.

1 - "சுத்தம்."
2 - "சுத்தம்."
3 - "சுத்தம்."
4, பவளம் அன்ரியின் செர்ரி. மற்ற எல்லாருக்கும் முன்னால், நாளைக்கே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன்.

"இல்லை அத்தான். இதிலை இன்னும் கொஞ்சம் மணக்குது. ஒரு கிழமை கிடக்கட்டும்."

மூன்றும் நாலும் ஒரே பலகை. ஒரே துணி, ஒரே நாள், ஒரே கை. மூன்றில் இல்லாதது நாலில் எப்படி வரும்?

"வடிவாப் பாத்தனியோ?"

"பாத்திட்டன்."

நான் வாங்கி மூக்கடியில் பிடித்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. உண்மையாகவே மணக்கலாம். இல்லாவிட்டால் எட்டு வருடத்துக்கும் சேர்த்துப் பழி வாங்குகிறான். வதனியைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்றால் அவள் எப்போதும் தம்பி பக்கம். அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்ததற்குக் கையை நீட்டிக்கொண்டு இருந்தான்.

நாலாவதைத் திருப்பி அலுமாரிக்குள் வைத்தேன். அன்ரிக்குப் போன் எடுத்து இன்னும் ஒரு கிழமை என்றேன். ஐந்தாவதைச் சூடாக்கி அவன் கையில் கொடுத்தேன்.