கிட்டார் மேல் போட்ட பழி

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தைக்கு முட்டி வலி தேவலையா?

போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறேனே என்று பதறாதே. இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. என் எலெக்ட்ரிக் கிட்டார் கொஞ்ச நாளாகப் போர்வைக்குள் இருந்து வாசிப்பதுபோல் மந்தமாக ஒலித்தது. புதுக் கம்பி மாட்டினேன். கம்பிக்கு அடியில் ஒலியை வாங்கும் பிக்கப்பைத் திருகி உயர்த்தினேன். சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பில், கீச்சொலியைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைக் கடைசிவரை திருப்பினேன். அப்போதும் உயிரே இல்லை. சனியனை விற்றுத் தொலைக்கலாம் என்று நினைத்தபோது, கூடத் தங்கியிருக்கும் வெல்டர் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"யோவ், நிறுத்துய்யா! காதுல ஊசிய விட்டுக் குடையுற மாதிரி இருக்கு!"

"இதுவா? மந்தமால்ல இருக்கு?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் என்னை டாக்டரிடம் இழுத்துப்போனார். தகடு அடிக்கும் பிரஸ் பக்கத்திலேயே நிற்கிறேன் அல்லவா, கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் காதைவிட்டுப் போகுமாம். போனது திரும்பாதாம். மற்றபடி ஆள் நன்றாகத்தான் இருக்கிறேன். வேலையை விடச் சொல்லாதே, அது நடக்கிற காரியமில்லை.

கிட்டாரை விற்கவில்லை. இப்போது ட்ரெபிளை வெல்டர் காதுக்கு ஏற்றபடி குறைத்து வைத்திருக்கிறேன். நன்றாக இருக்கிறது என்கிறார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நல்ல பஞ்சு கொஞ்சம் கொடுத்துவிடு. கம்பெனி தரும் காதடைப்பான் காதில் நிற்பதில்லை.

வண்டி வந்துவிட்டது என்று வெல்டர் கையசைக்கிறார். ஒன்று மட்டும் மறக்காதே. போன ஞாயிறு போனில் பாப்பா நெடுநேரம் ஏதோ சொன்னாள். எல்லாவற்றுக்கும் "சரிடா கண்ணு" என்று சொல்லிவைத்தேன். அவள் என்ன கேட்டாள் என்று எழுது.