அவர் சொன்ன தண்ணி

ஒக்டோபர் 11, சனி
காலைல வெயில். ரெண்டு மணிக்கு வழக்கம்போல மழை. ஆபீஸ் லீவு.

எங்க வீட்டுக்காரரோட ரிமோட் போட், எஞ்சின் வச்ச சின்னப் படகு, அத எடுத்து இவர் முன்னால மேசைல வச்சேன். பக்கவாதம் வந்ததுல இருந்து அஞ்சு மாசமா அலுமாரிக்கு மேல கெடந்தது. பேச்சுப் பயிற்சி மிஸ் சொன்னது: "அவருக்குப் புடிச்ச விசயத்துல பேச வைங்க. வார்த்தை மாறி வரும், திருத்தாதீங்க." நாங்க திருத்தாத நாளே இல்ல. மூணு வாரத்துக்கு முந்தி கதிரைய கதவுன்னாரு, தம்பி பொண்டாட்டி சிரிச்சிட்டா. அன்னைக்கோட பேச்சு நின்னுச்சு. தலையாட்டல் மட்டும். இப்பிடியே வாயடைச்சுப் போயிருவாரோன்னு பயமா இருக்கு. அதுக்குத்தான் இந்த எஞ்சின்.

எஞ்சினக் கிளப்புற கயிற இழுத்தேன், இருபது தரம். ஒரு இருமல்கூட இல்ல. நான் தப்புத்தப்பா செஞ்சா பொறுக்க மாட்டாம வாய் தொறப்பாருன்னு நெனச்சேன். ம்ஹூம்.

12, ஞாயிறு
மப்பு. துணி காயல. தேங்கா வாங்கணும்.

எஞ்சின்ல பாத்தது:
– பிளக். கழட்டி பேட்டரி குடுத்தேன். கம்பி நல்லா பழுக்குது.
– எஞ்சினுக்குப் போற எண்ணெயக் கூட்டிக் கொறைக்கிற ஊசி. முழுசா மூடி, ரெண்டு சுத்து திறந்தேன்.
– கயிறு இறுகிருச்சு. உள்ள எண்ணெய் ரொம்பிருச்சு. பிளக்கக் கழட்டி, போட்டக் கவுத்து இழுத்தா முகத்துலயே பீச்சியடிக்குது. ஒரே ஸ்பிரிட் வாசம்.

அப்பத்தான் இவர்: "தண்ணி."

ஓடிப்போய் டம்ளர்ல கொண்டாந்தேன். தள்ளிவிட்டாரு. "தண்ணி! தண்ணி!" இடது கை எண்ணெய் டின்னக் காட்டுது.

எனக்குத் தலைக்கேறிருச்சு. முன்னாடி சனிக்கிழமைன்னா போத்தலும் கையுமா இருந்த மனுசன். டொக்டர் ஒரு சொட்டு ஆகாதுன்னுட்டாரு. "இந்த நெலமையிலயும் தண்ணி கேக்குதா உங்களுக்கு?" தெருவுக்கே கேட்டிருக்கும். சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. சோறும் வேணாமாம்.

மூணு வாரத்துக்குப் பிறகு தானா சொன்ன வார்த்த. அதுக்கா இப்பிடிக் கத்தினேன். சீ.

14, செவ்வாய்
குண்டசாலை பஸ் லேட். ஆபீஸ்ல ஒரு வேலையும் ஓடல. இவர் ரெண்டு நாளா தலைகூட ஆட்டல.

பகல் சாப்பாட்டு நேரம் மடவளை ரியாஸுக்கு போன். இவரோட சேந்து போட் ஓட்டுற கூட்டாளி. எஞ்சின் கதையெல்லாம் சொன்னேன், நான் கத்தினத விட்டுட்டு.

"அக்கா, எண்ணெய் டின் மூடி இறுக்கமா இருந்துச்சா?"

மூடி எங்க? ஆஸ்பத்திரி அலைச்சல்ல தொலஞ்சு போச்சு. ஷொப்பிங் பேக் சுத்தி ரப்பர் போட்டு வச்சது நான்தான்.

"அப்ப சரி! அது ஸ்பிரிட் கலந்த எண்ணெய், காத்துல உள்ள ஈரத்த இழுக்கும். அஞ்சு மாசம், கண்டி மழை வேற. நெருப்புப் பத்தாது அக்கா, அதுல தண்ணி சேந்திருக்கு. தண்ணி!"

ஆபீஸ் படியிலயே உக்காந்துட்டேன். வார்த்த மாறவே இல்ல. சரியாத்தான் சொல்லியிருக்காரு. மாத்தி வெளங்கினது நான்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பக்கூட கழட்டாம: "நீங்க சொன்னதுதான் சரி. எண்ணெயிலதான் தண்ணி. மன்னிச்சிருங்க." கையப் புடிச்சேன். இழுத்துக்கல.

18, சனி
வெயில். ரியாஸ் புது எண்ணெய் டின்னோட வந்தாரு. பழச வெளிய கொட்டிட்டு, டேங்கக் கழுவி, ஊசிய ரெண்டு சுத்துல வச்சோம். ரியாஸ் போட்டப் புடிச்சிக்கிட்டாரு. நான் கயிறு.

நாலாவது இழுப்புல புடிச்சிருச்சு! ஐயோ, என்னா சத்தம். பொகை. எண்ணெய் கூடிப்போய் திக்கித் திக்கித்தான் ஓடுது, ஆனா ஓடுது. நான் அதுக்கு மேல கத்துறேன்: "பாத்தீங்களா? பத்திருச்சு! கேக்குதா? நாந்தான் இழுத்தேன்! பாத்தீங்களா?"

இவர் இடது கையத் தூக்கினாரு.

"மூடு."

இந்தத் தரம் நான் அவசரப்படல. கிட்டப் போய்க் குனிஞ்சு கேட்டேன்: "எத? ஊசியவா, என் வாயவா?"

வார்த்தையத் தேடுறாரு. உதடு அசையுது, வரல. நான் எடுத்துக் குடுக்கல.

"ரெண்டையும்."